மாணவரும் ஒப்புரவும்



சில ஆண்டுகளுக்கு முன்னர்க் கொல்கத்தாவில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். எங்கள் ஆண்டிமடத்துப் பிள்ளை அவர். ஒரு நாள் பிற்பகல் இருவரும் பார்க் தெரு வழியே நடந்துகொண்டிருந்தபோது, சாலையோரத்துப் பள்ளி ஒன்றில் மணி அடித்தது. ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவனுக்குப் பள்ளி விடும் நேரத்தில் கால்கள் தாமாகவே நின்றுவிடும். நானும் நின்றேன். பெயர்ப்பலகையைப் படித்தேன். யூதப் பெண்கள் பள்ளி என்றிருந்தது. ஆனால் வாயிலில் காத்திருந்த தாய்மாருள் மிகப் பலர் முக்காடிட்ட முஸ்லிம் பெண்டிர். உள்ளிருந்து ஓடிவந்த சிறுமியர் அவர்களை "அம்மீ" என்று அழைத்துக் கட்டிக்கொண்டனர்.

"யூதப் பிள்ளைகள் எங்கே?" என்று வினவினேன்.

"பிள்ளைகளா? இந்த ஊரிலேயே யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் ஐயா. அவர்கள் போய்விட்டார்கள், பள்ளி இருக்கிறது" என்றார் என் மாணவர்.

அந்த விடை என் நெஞ்சை விட்டு அகலவில்லை. இன்று உங்களோடு மாணவர் தொண்டு பற்றிப் பேச வந்த நான், கொல்கத்தாத் தெருவில் தொடங்குவதற்குக் காரணம் அதுவே.

யூதர் என்போர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். அவர்தம் பழைய மறையில் மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்னும் சொல், நம் 'தோகை' என்பதிலிருந்து சென்றதே என்று கால்டுவெல் முதலிய அறிஞர் கருதினர். கொச்சியில் 1568ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற யூதர் தொழுகைக்கூடம் இன்றும் உள்ளது. சென்னைக்கு வந்த யூத வணிகர் பவழமும் வைரமும் விற்றனர்; பவழக்காரத் தெரு என்னும் பெயர் அந்நாளை நினைவூட்டுவது. கொல்கத்தாவுக்கோ, 1798ஆம் ஆண்டில் அலெப்போ நகரத்து வணிகர் ஷாலோம் கோஹன் வந்து சேர்ந்தார். அவருக்குப் பின் பாக்தாத் நகரிலிருந்து பல குடும்பங்கள் வந்தன. செல்வரும் இருந்தனர், வறியரும் இருந்தனர். தம் சமயத்துப் பெண் குழந்தைகள், வறியராயினும், தம் நெறி வழுவாமல் கல்வி பெறவேண்டும் என்று அம் மக்கள் 1881இல் நிறுவியதே நான் கண்ட பள்ளி. நாடு விடுதலை பெற்றதன் பின்னர் அவர்கள் இசுரேல், இங்கிலாந்து, ஆத்திரேலியா எனப் பல நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். வகுப்பறைகள் வெறுமையாயின. பள்ளியை இழுத்து மூடி, அந்நிலத்தை விற்றிருந்தால் யாரும் குறை கூறியிருக்க முடியாது. அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. கதவைத் திறந்துவிட்டனர். அக்கம்பக்கத்து முஸ்லிம் குழந்தைகள் வந்து அமர்ந்தனர்.

மும்பையிலும் இத்தகைய வரலாறு ஒன்றுண்டு. கொங்கண ஊர்களில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த மராத்திய யூதரைச் 'சனிவார் தேலி' என்று மக்கள் அழைத்தனர். சனிக்கிழமை செக்கு ஓட்டாத எண்ணெய்க்காரர் என்பது அதன் பொருள். அம் மரபில் வந்த கேஹிம்கர் என்பவரும் அவர்தம் உடன்பிறந்தாரும் 1875இல் ஒரு பள்ளியைத் தொடங்கினர். பிற்காலத்தில் சர் எல்லி கதூரி என்னும் செல்வரின் கொடையால் வளர்ந்து அவர் பெயரையே தாங்கியது அது. அதனை 1922 முதல் 1950 வரை நடத்திய தலைவி ரெபெக்கா ரூபன் அம்மையார். இருபத்தெட்டு ஆண்டு! ஓராண்டுத் தலைமைக்கே தலை நரைத்தவன் நான். அந்த எண்ணைக் காணும்போது கைகூப்பத் தோன்றுகிறது. அப் பள்ளியிலும் காலப்போக்கில் பிற சமயத்துப் பிள்ளைகளே மிகுந்தனர்.

இப்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1881இல் பொருள் ஈந்தவர்கள், இன்று அப் பொருளின் பயனைத் துய்க்கும் சிறுமியரைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். அச் சிறுமியர்க்கும் ஈந்தவர் பெயர் தெரியாது. கொடுத்தவர் பெற்றவரை அறியார்; பெற்றவர் கொடுத்தவரை அறியார். இது வரலாற்றின் தற்செயல் என்று நான் முதலில் நினைத்தேன். பின்னர் யூதர்தம் அறநூற் கருத்துகளைப் பற்றிப் படித்தபோது, இவ்வாறு ஒருவரை ஒருவர் அறியாத கொடையை அவர்கள் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே உயர்ந்த படிகளுள் ஒன்றாக வகுத்து வைத்திருப்பதைக் கண்டேன்.

மைமோனிடிஸ் என்னும் பேரறிஞர் ஸ்பெயின் நாட்டுக் கோர்தோபாவில் பிறந்து, எகிப்தில் மருத்துவராக வாழ்ந்து, 1204இல் மறைந்தவர். அவர் கொடைக்கு எட்டுப் படிகள் வகுத்தார். முகம் சுளித்துக் கொடுப்பது கடைப்படி. குறைவாயினும் இன்முகத்தோடு கொடுப்பது அதற்கு மேல். கேட்ட பின் கொடுப்பது அதனினும் மேல். கேளாமுன் கையில் கொடுப்பது அதற்கும் மேல். இதுவரை நமக்கும் தெரிந்ததே. இதற்கு மேல்தான் நாம் நின்று நோக்கவேண்டும். அடுத்து வரும் மூன்று படிகளும், யார் யாரை அறிகிறார் என்பதைப் பற்றியவை. பெறுபவன் கொடுப்பவனை அறிவான். கொடுப்பவன் பெறுபவனை அறியான்: இது ஒரு படி. பழங்காலத்தில் சில பெரியோர் காசைத் துணியில் முடிந்து தோளுக்குப் பின்னால் தொங்கவிட்டு நடப்பராம். பின்னே வரும் ஏழை அவிழ்த்துக்கொள்வான். இவர் திரும்பிப் பார்ப்பதில்லை. கொடுப்பவன் பெறுபவனை அறிந்தும், பெறுபவன் கொடுப்பவனை அறியாதிருப்பது அடுத்த படி. இருவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது அதனினும் உயர்ந்தது. எருசலேம் கோயிலில் இதற்கென்றே ஓர் அறை இருந்ததாக அவர்தம் நூல்கள் கூறும். வளமுடையோர் மறைவாகச் சென்று இடுவர். நற்குடிப் பிறந்து வறுமையுற்றோர் மறைவாகச் சென்று எடுப்பர்.

எட்டாம் படி, அதாவது எல்லாவற்றினும் மேலான படி, பணம் கொடுப்பதே அன்று என்றுகூடச் சொல்லலாம். ஒருவன் பிறர்கையை எதிர்பாராமல் தன்காலில் நிற்குமாறு கடன் தருவது, தொழிலில் கூட்டுச் சேர்ப்பது, வேலை தேடித் தருவது ஆகியனவே அது.

இந்த எட்டுப் படிகளுள் நான் எங்கு நின்றேன் தெரியுமா? சொல்ல நாணமாக இருக்கிறது. ஆயினும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய ஒரு பள்ளி. பெயர் வேண்டா. அவ்வூர் அன்பர் ஒருவர் நாற்பது பிள்ளைகளுக்குப் புத்தகப் பையும் குறிப்பேடுகளும் வாங்கித் தந்தார். மிக வறிய நாற்பதின்மரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். விழா எடுத்தேன். மேடை, ஒலிபெருக்கி, மாலை எல்லாம் உண்டு. ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்து, கேட்போர் உள்ளம் உருகவேண்டும் என்பதற்காக, குடும்ப நிலையையும் ஒலிபெருக்கியில் படித்தேன். தந்தை இல்லை, தாய் முந்திரிக் கொட்டை உடைக்கிறார், இவ்வாறெல்லாம். நாளிதழில் படமும் வந்தது. அன்றிரவு மனநிறைவோடு உறங்கினேன்.

மறுநாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. ஒன்பதாம் நாள் அவளுடைய பாட்டி வந்தார். அமரச் சொன்னேன், அமரவில்லை. "ஐயா, குடுத்தீங்க, நல்லது. ஆனா எங்க வீட்டுக் கதைய ஊரு கேக்கப் படிச்சிட்டீங்களே. பசங்க கிண்டல் பண்றாங்களாம். போகமாட்டேங்கிறா" என்றார். கோபத்தோடு கூறவில்லை. அதுவே எனக்குப் பெரிதும் வலித்தது.

அன்று மாலையே அவ்வீட்டிற்குச் சென்றேன். குழந்தை மறுவாரம் பள்ளிக்கு வந்துவிட்டாள். ஆனால் நாங்கள் கொடுத்த பையை மட்டும் அவள் கடைசி வரை கொண்டுவரவில்லை. பழைய துணிப்பையையே எடுத்து வந்தாள்.

இது மைமோனிடிசின் கணக்கில் எந்தப் படி? கேளாமுன் கையில் கொடுத்தோம் அல்லவா, நான்காம் படியாவது ஆகாதா என்று நான் எனக்காக வாதாடிப் பார்த்ததுண்டு. படி என்று ஒன்று இருந்தால், அது நிலத்துக்குக் கீழே இருந்திருக்கும்.

நம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இந்த நாணத்தைப் போக்குவதற்கு முன்னோர் ஆய்ந்து செய்தவை சில உண்டு. சீருடை என்பதே ஏழை, செல்வர் என்னும் வேறுபாடு கண்ணிற் படாதிருக்க வந்த ஏற்பாடு. காமராசர் காலத்தில் 1956இல் பரவத் தொடங்கிய மதிய உணவு, ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் உணவு. அரசுப் பள்ளிகளில் பாடநூல் எல்லார்க்கும் கொடுக்கப்படுகிறது. ஆதலால் அதனைப் பெறுவதில் எவர்க்கும் தலைகுனிவு இல்லை. அரசு எல்லார்க்கும் கொடுத்து மறைத்ததை, நான் நாற்பதின்மருக்குக் கொடுத்து வெளிப்படுத்தினேன்.

திருக்குறளில் ஈகை ஓர் அதிகாரம்; அதற்கு முன்னே இருபத்திரண்டாம் அதிகாரமாக ஒப்புரவறிதல் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே, ஏன் இரண்டு அதிகாரம் என்று மாணவர் கேட்பதுண்டு. ஈகை வறியவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவோ உலக நடையறிந்து எல்லார்க்கும் பயன்பட வாழ்வது. யூதரும் இவ்வாறே இரண்டு சொற்கள் வைத்துள்ளனர். 'செதாக்கா' என்பது கொடை. அதன் வேர்ச்சொல்லுக்கு நீதி என்பது பொருள். கொடுப்பது கருணையன்று, கடமை என்பது அவர் கருத்து. 'ஹெசெத்' என்பது அதனினும் விரிந்த அன்புச் செயல். கொடையைப் பொருளால்தான் செய்யலாம். அன்புச் செயலைப் பொருளாலும் செய்யலாம், உடலாலும் செய்யலாம். கொடை ஏழைக்கு, அன்புச் செயல் செல்வர்க்கும் உண்டு. கொடை இருப்போர்க்கு, அன்புச் செயல் இறந்தோர்க்கும் உண்டு. பிணியாளரைக் காணச் செல்வதும், துயருற்றாரைத் தேற்றுவதும், இறந்தாரை அடக்கம் செய்யத் தோள் கொடுப்பதும் அதன்பாற்படும். கையில் காசில்லாத மாணவனுக்கு இது எத்துணை நல்ல செய்தி!

ஒப்புரவறிதலில் வள்ளுவர் காட்டும் உவமைகளையும் நோக்குங்கள். நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். ஊருணி தண்ணீர் மொள்ள வந்தவளின் பெயரைக் கேட்பதில்லை. அவள் தந்தை இருக்கிறாரா இல்லையா என்று ஒலிபெருக்கியில் படிப்பதும் இல்லை. நான் இக் குறட்பாக்களை முப்பது ஆண்டுக்காலம் வகுப்பில் நடத்தியவன்! நடத்துவது வேறு, கற்பது வேறு போலும்.

என் பிழையைத் திருத்தியவர்கள் மாணவர்களே. அடுத்த ஆண்டு பதினோராம் வகுப்பு மாணவியர் சிலர் என்னிடம் வந்து, நூலகத்தின் மூலையில் பயனற்றுக் கிடந்த மர அடுக்கு ஒன்றைக் கேட்டனர். வேண்டியவர் வைக்கலாம், வேண்டியவர் எடுக்கலாம். பூட்டு இல்லை, பதிவேடு இல்லை, காவல் இல்லை என்றனர். ஆசிரியர் அறையில் எதிர்ப்பு எழுந்தது. "இரண்டே நாளில் துடைத்துவிடுவார்கள்" என்றார் ஓர் ஆசிரியர். அவர் கூற்று பொய்க்கவில்லை. முதல் வாரத்தில் வைத்த பேனா, குறிப்பேடு, கணிதக் கருவிப் பெட்டி யாவும் இரண்டே நாளில் மறைந்தன. அந்த ஆசிரியர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். மாணவியரோ கலங்கவில்லை. "எடுக்கத்தானே ஐயா வைத்தோம்?" என்றனர். எனக்கு விடை தெரியவில்லை.

ஒரு மாதத்தில் அடுக்கு ஒருவாறு நிலைபெற்றது. ஆண்டிறுதியில் குறிப்பேடுகளில் எஞ்சும் வெற்றுத் தாள்களைக் கிழித்து, கோணியூசியால் தைத்து, அட்டை போட்டுப் புதுக் குறிப்பேடுகளாக்கி வைக்கத் தொடங்கினர். யார் தைத்தார் என்பது தெரியாது. பழைய பாடநூல்கள் வந்தன. சில பக்கங்களில் முக்கிய வினாக்கள் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தன. பெண் பிள்ளைகளுக்கு மாதந்தோறும் வேண்டும் பொருள்கள் செய்தித்தாளில் பொதிந்து கீழ்த்தட்டில் இருந்தன. அது எந்த ஆசிரியர்க்கும் தோன்றாத எண்ணம். அடுக்கு சன்னலுக்கு எதிர்ப்புறம் இருந்ததால் வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு யார் அங்கு நிற்கிறார் என்பது தெரியாது. அந்த மூலையை அவர்கள் கேட்டதன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இனி, உங்களில் பலர் கேட்க விரும்பும் ஒன்றுக்கு வருகிறேன். தொண்டு தானாக வரவேண்டியது; அதை மணிக்கணக்கில் அளந்து, சான்றிதழ் கொடுத்து, கட்டாயப்படுத்தலாமா?

நாடு விடுதலை பெற்ற நாள்முதல் இவ்வினா இருந்து வருகிறது. பட்டம் பெறுவதற்குச் சமூகப் பணியை ஒரு தகுதியாக வைக்கலாம் என்று நேரு 1958இல் மாநில முதல்வர்களுக்கு எழுதினார். 1959இல் சி. து. தேஷ்முக் தலைமையில் அமைந்த குழு, உயர்நிலைக் கல்வி முடித்துக் கல்லூரி புக விரும்பும் ஒவ்வொருவரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயமாகத் தேசத் தொண்டு செய்யவேண்டும் என்றது. பணச்செலவும் நடைமுறைத் தொல்லையும் மிகுதி என்று அது ஏற்கப்படவில்லை. 1960இல் பேராசிரியர் சையிதைன் வெளிநாட்டு முறைகளை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். இறுதியில் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. விரும்பியவர் சேரலாம் என்பதே முறை. சேர்ந்தவர் ஆண்டுக்கு 120 மணி, ஈராண்டில் 240 மணி பணி செய்யவேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் பங்கேற்கவேண்டும். பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் இது வந்தது.

இசுரேலில் மேல்நிலை மாணவர்க்குச் சமூகப் பணி இறுதிச் சான்றிதழுக்கு வேண்டிய தகுதிகளுள் ஒன்று. உலகின் பிற பகுதிகளிலுள்ள யூதப் பள்ளிகள் பலவும் அன்புச் செயலுக்கு மணிக்கணக்கு வைத்திருக்கின்றன. முதியோர் இல்லம் செல்வது, உணவு பொதிந்து கொடுப்பது, இளைய மாணவர்க்குப் பாடம் சொல்லுவது இவையெல்லாம் அதில் சேரும். இதில் அவர்களுக்கு மனத்தடை குறைவு. ஏனெனில், தானாக விரும்பிச் செய்பவனைவிடக் கடமை என்று விதிக்கப்பட்டுச் செய்பவனே பெரியவன் என்பது அவர்தம் பழைய ஆசிரியர்களின் துணிபு. நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். விருப்பம் இன்று வரும், நாளை போகும்; கடமையோ மழை நாளிலும் எழுப்பிவிடும் என்று நான் இதற்குப் பொருள் கொள்கிறேன். பயன் கருதித் தொடங்கியவன் நாளடைவில் பயன் கருதாமல் செய்வான் என்றும் அவர்கள் கூறுவர்.

இதனை முழுதும் ஏற்க எனக்கு நெடுநாள் தயக்கம் இருந்தது. காரணம் உண்டு. ஒருமுறை நலப்பணித் திட்ட மாணவர் நாட்குறிப்புகளைச் சரிபார்க்க அமர்ந்தேன். ஈராண்டு நாட்குறிப்பு, முதற்பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒரே மையில், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருந்தது. 240 மணித் தொண்டு ஒரே இரவில் முடிந்திருக்கிறது! அதைவிட வேடிக்கை, சனி, ஞாயிறு பார்த்துத் தேதி போட்டவன் ஒரு பெருமழை விடுமுறையில் 'ஏரிக்கரையில் மரக்கன்று நட்டோம்' என்று எழுதியிருந்தான். அன்று ஏரிக்கரைக்குப் போக வழியே இல்லை.

அவனையே அவ்வாண்டு முகாமுக்கு அழைத்துச் சென்றேன். முந்திரிக் காடுகளுக்கு நடுவே உள்ள சிற்றூர். ஏரிக்கு நீர் வரும் வாய்க்காலில் மண்டிய சீமைக் கருவேலத்தை வெட்டி அகற்றுவது பணி. முதல் இரண்டு நாள் அவன் அரிவாளைத் தொடவில்லை. மூன்றாம் நாள், முகாமுக்கு எதிர்வீட்டில் தனியே இருந்த மூதாட்டிக்குக் குடிநீர் கொண்டுவரும் பணியை, எளிதாயிற்றே என்று கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த அம்மையார் முந்திரிக் கொட்டை உடைப்பவர். கொட்டையின் ஓட்டில் ஊறும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். அதனால் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். பூசினாலும் விரல் கறுத்து, உரிந்து, ரேகை அழிந்துவிடும். குடத்தை வாங்க நீண்ட அந்தக் கைகளை அவன் பார்த்திருக்கிறான். அன்று மாலை என்னிடம் வந்து, "ஐயா, அந்த ஆயாவுக்கு ரேசன் கடை இயந்திரத்தில் விரல் பதியவில்லையாம். என்ன செய்வது?" என்று கேட்டான். விரல் ரேகை பதியாவிடின் மாற்று வழி உண்டு என்பதை அறிந்துகொண்டு, முகாம் முடிந்த பிறகும் இரண்டு முறை மிதிவண்டியில் அவ்வூருக்குச் சென்று, அம்மையாரைக் கடைக்கு அழைத்துப் போய்ப் பொருள் வாங்கித் தந்தான். அந்த இரண்டு பயணத்தையும் அவன் நாட்குறிப்பில் எழுதவில்லை. நானே எழுதச் சொன்னேன். "அது முகாம் இல்லையே ஐயா" என்றான்.

அவனைச் சேர்த்தது சான்றிதழ் ஆசை. அழைத்துச் சென்றது என் கட்டாயம். இரண்டும் இல்லாவிடில் அந்தக் கைகளை அவன் பார்த்திருக்க மாட்டான். மணிக்கணக்கு ஒருவனை வாசல் வரை கொண்டுபோய் விடும் என்று அன்று தெளிந்தேன். பொய்க்கணக்கு எழுதுவோரும் இருப்பர்; அதற்காக வாசலை அடைத்துவிட முடியாது.

நூலக மூலையில் இருந்த அந்த அடுக்கைப் பற்றி இன்னும் ஒரு செய்தி உண்டு. ஆண்டறிக்கை எழுதும் நேரத்தில், எங்கள் திட்ட அலுவலரான ஆசிரியர் பெருமையோடு அதனைச் சேர்க்க விரும்பினார். யார் யார் எத்தனை மணி பணி செய்தனர் என்று வகுப்பு வகுப்பாகச் சென்று கேட்டார். முதலில் என்னிடம் வந்த மாணவியரையும் கேட்டார். "நாங்கள் இடம் மட்டும்தான் கேட்டோம் ஐயா" என்று கூறிவிட்டனர். குறிப்பேடு தைத்தவர் யார் என்பதற்கும் விடை இல்லை. படிவத்தில் பெயர் ஒரு கட்டம், மணி ஒரு கட்டம், இரண்டும் நிரம்பவேண்டும். நானும் அவரும் அரைமணி நேரம் அமர்ந்து யோசித்தோம். இறுதியில் 'நூலக ஒழுங்கமைப்பு' என்று எழுதிவிட்டு, அவ்விரு கட்டங்களிலும் கோடிட்டுக் கையொப்பமிட்டேன்.